அறுவை, கதிர்வீச்சு, ஒரு கோணலான கேள்வி

மூக்குத்தொண்டைப் புற்றுநோய் தோன்றும் இடம் மூக்குக்குப் பின்னே, மெல்லண்ணத்துக்கு மேலே, மண்டையோட்டின் அடித்தளத்தை ஒட்டியது. பெரும்பாலும் ரோசன்முல்லர் பள்ளத்தில் தொடங்கும். உள் கரோடிட் தமனி அதற்கு மிக அருகில் ஓடுகிறது. கத்திக்கு எட்டாத இடம், கதிருக்குக் கரையும் கட்டி: கதிர்வீச்சு முதல் சிகிச்சையானது இப்படித்தான். அவையோருக்கு இது பாலபாடம்.

கேரளத்தில் இந்நோய் அரிது. இந்தியாவில் நாகாலாந்து முதலிய வடகிழக்குப் பகுதிகளில்தான் மிகுதி. 1981இல் அமைந்த திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தின் பேர்பெற்ற பரிசோதனை ஆய்வும் வாய்ப்புற்றுநோயைப் பற்றியதே. ஆகவே திருவனந்தபுரத்தின் கரமனையில் இந்தப் பொருள் பற்றிய அமர்வுக்குத் தலைமை ஏற்பதில் பெருமையோடு சற்று நடுக்கமும் உண்டு.

தொடக்க நிலையில் அறுவைக்குப் பின் கதிர்வீச்சும் வேண்டுமா என்று அமர்வின் தலைப்பு கேட்கிறது. கேள்வியே கோணல். அறுவையின் பெரிய ஆதாயம், கதிர்வீச்சு விட்டுச்செல்லும் வறண்ட வாய், மங்கும் செவி, சொத்தைப் பல் ஆகியவற்றிலிருந்து தப்புவது. கத்தியும் வைத்து முழுக் கதிரும் கொடுத்தால் அது போயிற்று. அறுவை மட்டும், கதிர் மட்டும் என்ற இரண்டையுமே எதிரெதிரே நிறுத்த வேண்டும்.

இருந்தும் அமெரிக்காவின் சீயர் (SEER) புற்றுநோய்ப் பதிவேட்டைக் கொண்டு முடிவு சொல்வது வழக்கமாகிவிட்டது. அதன் பொதுத் தரவில் கதிர்வீச்சு 'கொடுக்கப்பட்டது' என்பது ஒரு பிரிவு. 'இல்லை அல்லது தெரியாது' இன்னொன்று. வேறு ஊரில் கதிர் பெற்று, தகவல் வந்துசேராதவரும் 'அறுவை மட்டும்' வரிசையில் உட்கார்ந்துவிடுவார். பயாப்ஸிக்காகக் கட்டியை முழுதாக எடுத்தாலும் அறுவைக் குறியீடு உண்டு. இந்தக் குறையைச் சுட்டினால், புள்ளியியல் திருத்தம் போதும் என்று மூத்த நண்பர்கள் மறுமொழி எழுதிவந்தார்கள். தெரியாததைத் திருத்தச் சூத்திரம் இல்லை என்பது அவர்கள் அறியாததல்ல.

2021இல் வெளியான சீன ஆய்வை இங்கே இழுப்பதும் பொருந்தாது. 200 பேரில் மூன்றாண்டு உயிர்பிழைப்பு எண்டோஸ்கோப்பி அறுவையில் 85.8 விழுக்காடு, ஐஎம்ஆர்டி (IMRT) வகைக் கதிர்வீச்சில் 68.0. ஆனால் அவர்களுக்கு நோய் திரும்பி வந்திருந்தது; ஒருமுறை கதிர்பட்ட திசுவின் மேல் மறுபடியும் கதிர். புதிய நோயாளியின் கதை வேறு.

நேர் ஒப்பீட்டுக்கு அருகில் வருவது 2019இல் சீனாவின் குவாங்சோ மருத்துவர்கள் வெளியிட்டது: முதல் நிலையில் அறுவை மட்டும் 10 பேர், ஐஎம்ஆர்டி 329 பேர். ஐந்தாண்டு உயிர்பிழைப்பு இரு பக்கமும் ஏறத்தாழ முழுமை. பொறுக்கியெடுத்த பத்துப் பேரை வைத்து விதி எழுத முடியாது. தொண்டைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் நிணநீர்க் கணு கைக்கும் படாது. எம்ஆர்ஐ இல்லாமல் 'முதல் நிலை' என்பதே ஊகம்.

இத்தகைய சிறு கட்டிகள் பிடிபடுவது இனிக் கூடும். ஹாங்காங்கில் 20,174 ஆண்களின் இரத்தத்தில் இந்நோயோடு தொடர்புடைய எப்ஸ்டீன்-பார் வைரஸின் டிஎன்ஏவைத் தேடி, 34 பேருக்கு நோய் கண்டார்கள் (2017). அவர்களில் 71 விழுக்காட்டினர் முதல் இரு நிலைகளில் இருந்தார்கள். நோய் அரிதான கேரளத்தில் அப்படிச் சலிப்பது வீண்செலவு. இங்கே தொடக்க நிலை பிடிபடுவது பெரும்பாலும் காது வழியாக: பெரியவர் ஒருவருக்கு ஒரு காது மட்டும் அடைத்து, செவிப்பறைக்குப் பின் நீர் தேங்கியிருந்தால், சொட்டு மருந்து எழுதும் முன் மூக்கு வழியே எண்டோஸ்கோப்பை நுழைத்து ரோசன்முல்லர் பள்ளத்தைப் பார்த்துவிட வேண்டும்.