கொச்சி யூதத் தெருவில் கண்ட ஜாதி

(காவேரிப்பாக்கத்தில் செய்த சொற்பொழிவின் சுருக்கம்)



சமீபத்தில் நாம் கொச்சிக்குப் போயிருந்தபோது, மட்டாஞ்சேரியிலுள்ள யூதத் தெருவை ஒரு வழிகாட்டியுடன் நடந்து சுற்றிப் பார்த்தோம். அங்கு அறிந்த சங்கதி நம்மூராருக்கும் உபயோகப்படும் என்பதால் அதையே இன்று சொல்ல எண்ணுகிறோம்.

தெருக் கோடியில் 1568-ல் கட்டிய பரதேசி ஜெபாலயம் இருக்கிறது. தரையில் சீனத்திலிருந்து தருவித்த நீலச் சித்திர ஓடுகள் பதித்திருக்கிறார்கள். வெளிச்சுவரில் 1344-ம் வருஷத்துக் கல்வெட்டு ஒன்று. அது கொச்சங்காடியில் இருந்து அழிந்துபோன ஜெபாலயத்தினுடையது. பக்கத்திலேயே கொச்சி ராஜாவின் அரண்மனையும் அவருடைய கோவிலும் இருக்கின்றன.

வெனிஸ் நகரத்தார் 1516-ல் யூதர்களை ஒரு மூலையில் ஒதுக்கி, இரவில் கதவடைத்துக் காவல் வைத்தார்கள். கொச்சியிலோ ராஜாவே தம் அரண்மனையோரம் இடம் கொடுத்தார். அப்படியானால் உள்ளே எல்லோரும் ஒன்றாய் இருந்திருப்பார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? அதுதான் இல்லை!

ஸ்பெயின் முதலிய தேசங்களிலிருந்து பின்னால் வந்தவர்கள் வெள்ளை யூதர்கள். முன்பே இருந்தவர்கள் கறுப்பு யூதர்கள். இவர்களுக்குள் கொள்வினை கொடுப்பினை இருந்ததில்லை. இதுவும் போதாதென்று, வெள்ளையரிடம் அடிமையாயிருந்து விடுதலை பெற்றவர்களின் சந்ததியார் என்று இன்னொரு கூட்டம். இவர்கள் பரதேசி ஜெபாலயத்துக்கு வர முடிந்தது. பெஞ்சியில் உட்காரக் கூடாதென்றிருந்தது. முன்கூடத்தில் தரையில்தான் உட்கார வேண்டியிருந்தது. வேதம் வாசிக்க அழைப்பு இருந்ததில்லை. செத்தால் அவர்கள் இடுகாட்டிலும் இடம் இருந்ததில்லை.

கடவுள் ஒன்று, வேதம் ஒன்று, வீட்டில் பேசும் மலையாளமும் ஒன்று. மனுதர்மம் அவர்கள் வேதத்தில் இல்லை. பின் எங்கே கற்றார்கள்? பக்கத்து வீட்டைப் பார்த்துத்தான்! ஜாதி ஓர் ஒட்டுவாரொட்டி வியாதி; கூடக் குடியிருந்தவனையும் பிடித்துக்கொண்டது.

அந்த மூன்றாவது கூட்டத்தில் 1882-ல் பிறந்தவர் ஆப்ரகாம் பாரக் சேலம் என்பவர். சென்னையில் சட்டம் படித்து வக்கீலானார். கொச்சி சட்டசபையில் அங்கத்தினருமானார். சட்டசபையில் அவருக்கு நாற்காலி உண்டு. தம் சொந்த ஜெபாலயத்தில் பெஞ்சி கிடையாது! அவர் ஜெபாலயப் படிக்கட்டில் உட்கார்ந்து சத்தியாக்கிரகம் செய்தார். பல வருஷம் போராடிய பிறகே உரிமை சிறிது சிறிதாய்க் கிடைத்தது. 1967-ல் அவர் காலமானார்.

யூத முறைப்படி பத்து ஆண்கள் கூடினால்தான் பொது ஜெபம் நடக்கும். 1948-ல் இஸ்ரேல் ஏற்பட்ட பின் பெரும்பாலோர் அங்கே குடியேறிவிட்டார்கள். மிஞ்சிய வெள்ளையரில் நாளடைவில் பத்து ஆண்கள் தேறவில்லை. பெஞ்சியில் இடமில்லை என்று மனிதரைத் தரையில் உட்கார்த்திய இடத்தில் இன்று பெஞ்சிகள் காலியாய்க் கிடக்கின்றன. வேடிக்கை பார்க்க வந்த நாம் சுற்றி நிற்கிறோம்!

தோழர்களே! இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடித் தோலில் தைத்த செருப்பை எல்லா ஜாதியாரும் மாட்டிக்கொள்கிறோம். அத்தோலைப் பதனிட்டவன் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தால் முகம் சுளிக்கிறவன் நம்மிடையே ஒருவனுமில்லையென்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியுமா? முடியாதென்றால், இன்று வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாய் உங்கள் திண்ணையில் இடம் ஒதுக்குங்கள். பெஞ்சி காலியான பிறகு கூப்பிட்டால் வருவதற்கு ஆளிருக்காது.