தாய் சேய் நலத்தில் தாய் எங்கே?

(சுகாதாரப் பணியாளர் பயிற்சி முகாம் ஒன்றில் ஆற்றிய உரை)



மகளிர் நல்வாழ்வு குறித்து உலக நாடுகள் வகுத்த கொள்கைகளைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். மாநாடுகளின் பெயர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனால் உங்களுக்கும் சலிப்பு, எனக்கும் சலிப்பு. ஆகவே ஒரு கேள்வியிலிருந்து தொடங்குகிறேன்.

ஆலன் ரோசன்ஃபீல்ட், டெபோரா மெய்ன் என்னும் இருவர் 1985இல் 'லான்செட்' மருத்துவ இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். தாய் சேய் நலம் என்று பெயர் வைத்துக்கொண்டோமே, அதில் தாய் எங்கே என்பதே அவர்கள் எழுப்பிய வினா. அக்காலத்தில் உலகெங்கும் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஐந்து லட்சம் பெண்கள் பேறுகாலத்தில் மாண்டுகொண்டிருந்தார்கள். ஆயினும் தாய் சேய் நலத் திட்டங்களின் கவனம் பெரும்பாலும் குழந்தையின் மீதே இருந்தது. தடுப்பூசியும், உப்புச் சர்க்கரைக் கரைசலும் குழந்தைகளைக் காத்தன. பேற்றின்போது உதிரம் பெருகிய தாயை அவை காக்க இயலுமா? அவளுக்கு வேண்டியது இரத்தம், அறுவை சிகிச்சை, அதைச் செய்யவல்ல மருத்துவர். இந்த எளிய உண்மையை ஏற்பதற்கே உலகுக்கு நெடுங்காலம் பிடித்தது. 1987இல் நைரோபியில் கூடிய மாநாடுதான் பாதுகாப்பான தாய்மை இயக்கத்தைத் தொடங்கி வைத்தது.

1994 செப்டம்பரில் கெய்ரோவில் 179 நாடுகள் கூடின. மக்கள் தொகைத் திட்டம் என்பது தலைகளை எண்ணும் கணக்கன்று, பெண்ணின் உடல்நலமும் அவளது உரிமையும் அதன் அடிப்படை என்று அங்கே ஒப்புக்கொள்ளப்பட்டது. நம் நாடும் 1996இல் கருத்தடைக்கு இலக்கு நிர்ணயிக்கும் முறையைக் கைவிட்டது.

காகிதத்தில் கைவிட்டது எளிது. நடைமுறையைப் பாருங்கள். 1976-77ஆம் ஆண்டில், நெருக்கடி நிலைக் காலத்தில், நாட்டில் செய்யப்பட்ட சுமார் 83 லட்சம் கருத்தடை அறுவைகளில் ஏறத்தாழ 62 லட்சம் ஆண்களுக்குச் செய்யப்பட்டவை. அவற்றுள் பலவற்றில் வற்புறுத்தல் இருந்தது, அது மறக்கத்தக்கதன்று. அதன் பின்விளைவாக, 1977இல் திட்டத்தின் பெயர் குடும்ப நலம் என்று மாறியது. சுமையும் ஆணிடமிருந்து பெண்ணுக்கு மாறியது. 2019-21ஆம் ஆண்டு தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, மணமான பெண்களில் 37.9 சதவிகிதம் பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்ட குடும்பங்கள் 0.3 சதவிகிதம் மட்டுமே! இத்தனைக்கும் ஆணுக்குச் செய்யும் அறுவையே எளிது, அபாயமும் குறைவு; மருத்துவர்களாகிய உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஆணின் மனம் புண்படுமே என்று அஞ்சுகிற நாம், பெண்ணின் வயிற்றைப் பற்றி அஞ்சுவதில்லை. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டத்தில் ஒரே முகாமில், சில மணி நேரத்துக்குள் 83 பெண்களுக்கு அறுவை செய்யப்பட்டதையும், அதைத் தொடர்ந்து அங்கே நேர்ந்த மரணங்களையும் நீங்கள் அறிவீர்கள். இத்தகைய முகாம்களை மூன்றாண்டுகளுக்குள் ஒழிக்குமாறு 2016இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது.

நாம் முன்னேறவில்லை என்று சொல்லவில்லை. 2005-06இல் நூற்றுக்கு 39 பேறுகளே மருத்துவ நிலையங்களில் நிகழ்ந்தன. 2019-21இல் அது 89 ஆயிற்று. லட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு நேரும் தாய்மார் மரணம் 2018-20 கணக்கில் 97 ஆகக் குறைந்தது. 2030க்குள் உலகம் எட்ட வேண்டிய அளவு 70. ஆனால் அதே குடும்ப நல ஆய்வில், 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவிகிதம் பேருக்கு இரத்தசோகை. அதே வயது ஆண்களில் 25 சதவிகிதம். முந்தைய ஆய்வில் பெண்களின் அளவு 53 ஆக இருந்து, இப்போது உயர்ந்திருக்கிறது! கடைசியாக உண்பவள் யார் என்ற கேள்வியை இரும்புச் சத்து மாத்திரை மட்டும் தீர்த்துவிடாது. இரத்தசோகையுள்ள தாய்க்குப் பேற்றின்போது சிறிது உதிரம் போனாலும் ஆபத்து; மருத்துவமனைக்கு வந்து சேர்ந்த பின்னும் அவள் இறப்பது இதனால்தான்.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஆஷா பணியாளர்களுக்கு 2022இல் உலக சுகாதார நிறுவனம் விருதளித்துப் பெருமைப்படுத்தியது. நமக்கெல்லாம் மகிழ்ச்சியே. ஆனால் ஏடுகளில் அவர்கள் இன்னும் தொண்டர்களே. பெறுவது சம்பளமன்று, ஊக்கத்தொகை. ஆண்கள் இந்த வேலையைச் செய்திருந்தால் இதைத் தொண்டு என்று அழைத்திருப்போமா?

நீங்கள் உங்கள் நிலையங்களுக்குத் திரும்பியதும் ஒன்று செய்யுங்கள். கர்ப்பிணியைப் பதிவு செய்யும் நாளிலேயே கணவரையும் வரவழையுங்கள். அவசரம் நேர்ந்தால் வண்டிக்கு யார் சொல்வது, இரத்தம் யார் தருவது, மாமியார் ஊரில் இல்லாவிட்டால் மருத்துவமனைக்குப் புறப்பட யாரைக் கேட்க வேண்டும் என்பதை அன்றே பேசி முடியுங்கள். 'யாரையும் கேட்க வேண்டாம், அவளே புறப்படலாம்' என்று அந்தக் கணவர் வாய்திறந்து சொல்லும்வரை அவரை அனுப்பாதீர்கள்.