தாமோதரம்பிள்ளை இளைப்பாறிய கதை



சென்ற தவணையில் எமது பாடசாலை ஆசிரியர் அறையில் ஒரு விவாதம் நடந்தது. நியமனம் கிடைத்து நான்கைந்து ஆண்டுகளே ஆன கணித ஆசிரியத் தம்பி ஒருவர், கொப்பியொன்றில் கணக்குப் போட்டுக் காட்டினார். ஓராண்டுச் செலவைப்போல 25 மடங்கு சேர்த்துவிட்டால் அதன்பின் சம்பளம் தேவையில்லையாம். "நாற்பத்தைந்து வயதில் இளைப்பாறிவிடலாம், சேர்" என்றார். எனக்கு அந்த வயது எட்டும் தூரத்தில் இருக்கிறபடியால் கொப்பியை வாங்கிப் பார்த்தேன். ஆசை யாரைத்தான் விட்டது?

அந்தக் கணக்கின் ஊற்று அமெரிக்காவில் உள்ளது. 1994ஆம் ஆண்டு வில்லியம் பெங்கன் என்ற நிதி ஆலோசகர், இளைப்பாறும் ஒருவர் தமது சேமிப்பில் முதலாண்டு 4 வீதத்தை எடுத்து, பின்னர் விலையேற்றத்துக்கு ஏற்ப அத்தொகையைக் கூட்டிக்கொண்டு போனால், 30 ஆண்டுகளுக்குப் பணம் தாக்குப்பிடிக்கும் என்று அந்நாட்டுப் பங்குச் சந்தையின் பழைய பெறுபேறுகளை வைத்துக் காட்டினார். நல்ல கணக்குத்தான். ஆனால் அதில் இடப்பெயர்வு என்றொரு நிரல் இல்லை.

எங்கள் வன்னியிலும் இப்படிக் கணக்குப் போட்டவர்கள் இருந்தார்கள். 1970 முதல் 1977 வரை மிளகாய், வெங்காய இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலத்தில், விசுவமடுவிலும் முத்தையன்கட்டிலும் குடியேறிய படித்த வாலிபர்கள் செத்தல் மிளகாயால் தலைநிமிர்ந்த கதையை அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். "உத்தியோகம் பார்க்கிறவன் எங்களிட்டைக் கடன் கேட்ட காலமடா அது" என்பார். 1977இல் திறந்த பொருளாதாரம் வந்தது. மிளகாயின் விலை இறங்கியது. பிறகு யுத்தம். 2009இல் முள்ளிவாய்க்கால் மணலில் காணி உறுதியையும் வங்கிப் புத்தகத்தையும் தாலிக்கொடியையும் விட்டு வந்தவர்களுக்கு எத்தனை மடங்கு சேர்த்திருந்தால் போதுமாக இருந்திருக்கும்? 2022இல் ரூபாய் இரண்டு மூன்று மாதங்களுக்குள் டொலருக்கு 200இலிருந்து 360 அளவுக்கு வீழ்ந்ததும், செப்டெம்பரில் கொழும்பின் விலையேற்றம் 70 வீதத்தைத் தொட்டதும் நேற்றுப்போல் இருக்கின்றன. நிலையான வைப்பின் வட்டியில் வாழ்ந்த இளைப்பாறிய அதிபர்கள் பால்மாவுக்கு வரிசையில் நின்றதை நாமே பார்த்தோம்.

இதைச் சொல்வதால் சேமிப்பைப் பழிக்கிறேன் என்று எண்ணவேண்டாம். சம்பளத்திலிருந்து விடுபட்டு அரிய காரியம் செய்த ஒருவர் எங்கள் இலக்கிய வரலாற்றிலேயே இருக்கிறார். அவரைப் பற்றிப் பேசத்தான் இன்று வந்தேன்.

சி. வை. தாமோதரம்பிள்ளை 1832இல் யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் பிறந்தவர். வட்டுக்கோட்டைச் செமினறியில் கற்றுச் சென்னைக்குப் போனார். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது பி. ஏ. பரீட்சையில் தேறினார். பின்னர் அரசாங்கக் கணக்குச் சாலையில் உயர்ந்த பதவி வகித்தார். பகலெல்லாம் வரவும் செலவும். 1882ஆம் ஆண்டு, ஐம்பதாவது வயதில், அவ்வுத்தியோகத்திலிருந்து இளைப்பாறினார்.

அவர் பதிப்பித்த நூல்களின் ஆண்டுகளை வரிசையாக எழுதிப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். தொல்காப்பியச் சொல்லதிகாரம் சேனாவரையர் உரையுடன் 1868இல் வந்தது. அதன்பின் வீரசோழியத்துக்கு 1881 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இடையில் பதின்மூன்று ஆண்டுகள். இளைப்பாறிய மறுவருடமே, 1883இல், இறையனார் களவியல். 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரம், 1887இல் கலித்தொகை, 1889இல் இலக்கண விளக்கமும் சூளாமணியும். அணை திறந்த வாய்க்கால்போல் நூல்கள் வந்தன. உத்தியோகம் எதை மறித்து வைத்திருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

ஆயினும் அவர் சாய்மனைக் கதிரையில் சாய்ந்துவிடவில்லை. கும்பகோணத்தில் வழக்கறிஞர் தொழில் செய்தார். 1887 முதல் 1890 வரை புதுக்கோட்டையில் நீதிபதியாகவும் இருந்தார். அப்படியென்றால் இதை இளைப்பாறுதல் என்று எப்படிச் சொல்வது என்று கணித ஆசிரியர் கேட்டார். நியாயமான கேள்வி. நான் விளங்கிக்கொண்ட அளவில், அவர் விடுபட்டது வேலையிலிருந்தன்று. தமது நாளின் பெரும் பகுதி பிறருடைய கணக்கில் எழுதப்படுவதிலிருந்து. அவருக்கு அவசரம் இருந்தது. ஏட்டைக் கட்டவிழ்த்தால் இதழ் முறிகிறது, புரட்டினால் துண்டாகிறது என்று தமது பதிப்புரையில் அவர் கலங்குகிறார். செல்லுக்கும் கறையானுக்கும் பென்சன் வயது தெரியாதல்லவா?

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். அதே கும்பகோணத்தில், கல்லூரித் தமிழாசிரியராக மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டே, உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை வெளியிட்டார். கலித்தொகை வந்த அதே ஆண்டு! ஐயர் 1919 வரை ஆசிரியப் பணியில் இருந்தவர். சம்பளம் ஒருவருக்கு அணை, இன்னொருவருக்கு வரம்பு. நான் எந்தப் பக்கம் என்று பல நாள் என்னையே கேட்டிருக்கிறேன். கேட்டுக்கொண்டிருந்ததுதான் பிழையாகப் போயிற்று.

முல்லைத்தீவுக் கரையோரத்தில் கோவலன் கூத்தை முல்லைமோடியில் ஆட்டுவித்த அண்ணாவியார் ஒருவரை எனக்குத் தெரியும். அவரிடமிருந்த கூத்துக் கொப்பிகள் 2009இல் போய்விட்டன. ஆனால் பாட்டெல்லாம் அவருடைய நெஞ்சில் இருந்தது. விடியவிடியப் பாடினாலும் தீராது. "இளைப்பாறினதும் வந்து ஆறுதலாய் எழுதி எடுக்கிறன் ஐயா" என்று இரண்டு தரம் சொல்லியிருந்தேன். அவர் சிரித்துக்கொண்டு, "நீங்கள் இளைப்பாற முதல் நான் இளைப்பாறிவிடுவன் போல கிடக்கு, வாத்தியார்" என்றார். அப்படியே நடந்தது. செத்தவீட்டில் அவருடைய மகன் எனக்குத் தேநீர் தந்து, "அப்பா உங்களைப் பாத்துக்கொண்டிருந்தவர்" என்றான். தேநீர் தொண்டையால் இறங்கவில்லை. அண்ணாவியார் பாடியதில் என் நினைவில் மிஞ்சியது மூன்று விருத்தமும் ஒரு தருவும்தான். அந்தத் தருவிலும் இரண்டாம் அடி சந்தேகம்.

வீட்டுக்கு வந்து என்னுடைய கொப்பியில் வேறொரு கணக்கைப் போட்டேன். ஒரு பக்கத்தில் காணி, வைப்பு, பென்சன். மறு பக்கத்தில் இன்னும் பாடக்கூடிய அண்ணாவிமார், அவர்களுடைய வயது. இரண்டாவது நிரலில் ஆறு பேர் இருந்தனர். அறுபத்தைந்துக்குக் குறைந்தவர் ஒருவருமில்லை. மாலை வகுப்புக்கு விட்டிருந்த சனிக்கிழமைகளை நிறுத்தினேன். அதனால் மாத வருமானத்தில் ஒரு துண்டு விழுகிறது. வீட்டுக்காரி முதலில் முகம் சுளித்தா. பிறகு, "போறதெண்டால் பாண் வாங்கிக்கொண்டு வாங்கோ" என்று விட்டுவிட்டா.

இப்போது கணித ஆசிரியரும் தம்முடைய மோட்டார்சைக்கிளில் என்னை ஏற்றிக்கொண்டு வருகிறார். பாட்டைக் கைத்தொலைபேசியில் பதிவு செய்பவர் அவர்தான். தாளக்கட்டை எண்ணிக் குறிப்பதில் எனக்கு முந்திவிட்டார். போன கிழமை வற்றாப்பளைப் பக்கத்தில் எழுபத்தெட்டு வயது முதியவர் ஒருவரிடம் போயிருந்தோம். "அரிவிவெட்டு முடியட்டும் தம்பிமார், ஆறுதலாய் வாருங்கோ" என்றார்.

"இல்லை ஐயா, வாற சனிக்கிழமையே வாறம்" என்றேன்.