பாலர் ஆசிரியையைத் தெரிவு செய்தல்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நமது முன்பள்ளிக்கு அடுத்த தவணை முதல் புதிய ஆசிரியை ஒருவரை நியமிக்க வேண்டியிருக்கிறது. அதுபற்றி நாலு வார்த்தை பேசும்படி காரியதரிசி அவர்கள் பணித்தார்கள். கைதட்டல் பெறக்கூடிய பொருள் அன்று இது. ஆயினும் மறுக்க மனம் வரவில்லை. ஏன் என்பதைச் சற்றுப் பின்னர் சொல்வேன்.

விஜயதசமியன்று குழந்தையை மடியிலிருத்தி, தாம்பாளத்து அரிசியில் அகரம் எழுதுவிக்கிறோம். அதற்கு நல்ல நேரம் பார்க்கிறோம். எழுதுவிப்பவர் யார், அவர் கைராசி எப்படி என்றெல்லாம் விசாரிக்கிறோம். ஐந்து நிமிஷக் காரியத்துக்கு இத்தனை ஆராய்ச்சி. பின்னர் இரண்டு வருஷ காலம் அதே பிஞ்சு விரலைப் பிடிக்கப் போகிறவரை மட்டும் அரைமணி நேரத்தில் தெரிந்தெடுத்து விடுகிறோம்!

சில வருஷங்களுக்கு முன் நமது கரையோரத்தில் வேறோர் ஊரில் இப்படியொரு நேர்முகப் பரீட்சை நடந்தது. ஊரின் பெயரும் சங்கத்தின் பெயரும் வேண்டாம். நீண்ட மேசைக்குப் பின்னால் ஏழு ஆண்கள். எதிரே ஒற்றைக் கதிரை. அந்த எழுவரில் யானும் ஒருவன். ஆடி மாதத்தில் உடப்புத் திரௌபதை அம்மன் சந்நிதியில் தீ மிதிப்பவர்களுக்குக்கூட விரதமிருந்து ஆயத்தமாக நாளுண்டு. அந்தப் பெண்களுக்கு அதுவும் இல்லை. தகப்பனார் யார், என்ன தொழில், கலியாணம் எப்போது என்று கேட்டோம். ஒருவர் ஐக்கிய நாடுகள் சபை எங்கே இருக்கிறதென்று வினவினார். மூன்று வயதுப் பிள்ளைக்கும் அந்தச் சபைக்கும் என்ன சம்பந்தமோ, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஒரு பெண் எல்லாவற்றுக்கும் தயங்காமல் விடை சொன்னார். அவரையே நியமித்தோம். மற்றொரு பெண் திணறித் திணறி நாலு சொல் சொல்லி வெளியே போனார். வெளியே வாங்கில் அவர் காத்திருந்த வேளையில், தாயைக் காணாத சிறுவன் ஒருவன் அழுதுகொண்டு வந்தான். அவர் அவனைத் தூக்கவுமில்லை, அதட்டவுமில்லை. தரையில் அவனுக்குச் சமமாகக் குந்தி, கீழே கிடந்த சிப்பிகளைப் பொறுக்கி ஒவ்வொன்றாக அடுக்கத் தொடங்கினார். சற்று நேரத்தில் அவன் அழுகையை நிறுத்தி ஆறாவது சிப்பியைத் தானே வைத்தான். யன்னல் வழியே இதைக் கண்டவன் யான். கண்டும் வாய் திறவாதிருந்தேன். நியமனம் பெற்றவர் நாலாம் மாதம் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். அவரைக் குறை சொல்லேன். கொடுத்த சம்பளம் பஸ் காசுக்கே பற்றவில்லை. இன்று பேச மறுக்காததற்குக் காரணம் இதுதான்.

உலகம் போற்றும் மரியா மொண்டிசோரி அம்மையார் 1907ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் திகதி உரோமாபுரியின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் தமது முதற் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். அங்கே அவர் அமர்த்திய முதல் ஆசிரியை முறையான ஆசிரியப் பயிற்சி பெற்றவர் அல்லர். பிள்ளைகளை உற்றுக் கவனிப்பதே அவருக்கிட்ட வேலை. அப்படியானால் பயிற்சி வேண்டாவோ என்று கேட்பீர்கள். வேண்டும். அந்த அம்மையாரே 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து, வருஷக்கணக்காக ஆசிரியர்களைப் பயிற்றினார். 1944இல் இலங்கைக்கும் வந்தார். பயிற்சியை நாம் காசு கொடுத்துப் பெற்றுக் கொடுக்கலாம். குந்தியிருந்து சிப்பி அடுக்கும் பொறுமையை எந்தப் பயிற்சிக் கூடத்தில் வாங்குவது?

மேற்கிந்தியக் கடலோரத்திலே போர்டி என்றோர் ஊர். அங்கே 1945இல் தாராபாய் மோடக் என்னும் அம்மையார் பாலர் பள்ளி தொடங்கினார். ஒதுக்கப்பட்ட குடிகளின் பிள்ளைகள் வரவில்லை. பிள்ளைகள் வராவிட்டால் பள்ளி போகட்டும் என்று, அவர்கள் வீட்டு முற்றத்திலேயே வகுப்பை வைத்தார். இந்திய அரசாங்கம் 1975இல் ஆரம்பித்த அங்கன்வாடிகளுக்குப் பெயர் வந்தது இந்த முற்றத்திலிருந்துதான். அவருக்கு வலக்கையாக நின்றவர் அனுதாய் வாக். சிறுவயதிலே மணமாகி, சில மாதங்களிலே கணவனை இழந்தவர். நமது ஏழு பேர் மேசைக்கு முன்னால் அவர் வந்திருந்தால் இரண்டாம் கேள்வியிலேயே திருப்பியனுப்பியிருப்போம்.

நிற்க. நமது கரைக்கென்று ஒரு கவலையும் உண்டு. சிலாபத்துக்குத் தெற்கே நீர்கொழும்பு வரை, பாட்டன் தமிழ் பேச, பேரன் சிங்களம் மட்டும் பேசும் குடும்பங்கள் பல. பள்ளிக்கூட மொழி மாறியது இதற்கொரு பெருங்காரணம். யார்மீதும் சினந்து இதைச் சொல்லவில்லை. சிங்களமும் நம் பிள்ளைகளுக்கு வேண்டியதே. ஆனால் வீட்டில் பேசும் மொழியைப் பள்ளியில் முதலில் மதிக்க வேண்டியவர் பாலர் ஆசிரியை. நமது பிள்ளைக்குச் சோளகம் எது, வாடை எது என்று தெரியும். கரைவலையின் மடி எதுவென்று தெரியும். தகப்பன் வலை இழுக்கையில் பாடும் அம்பா பாதி மனப்பாடம். 'இதென்ன மீன்காரப் பேச்சு' என்று வந்தவர் ஒருநாள் சிரித்தால் போதும், அப்பிள்ளை பிறகு வாய் திறவாது. ஆகையால் விண்ணப்பகாரர் வெளியூரா உள்ளூரா என்பதைவிட, அந்தப் பேச்சைக் கேட்டால் அவர் முகம் எப்படிப் போகிறது என்பதே எனக்கு முக்கியம்.

எனவே என் யோசனை இது. மேசையை எடுத்துவிடுவோம். விண்ணப்பித்தவர் ஒவ்வொருவரும் ஒரு காலைப்பொழுது நமது பிள்ளைகளோடு இருக்கட்டும். மூவர் மூலையில் பாயில் அமர்ந்து பார்த்தால் போதும். அவர்களில் இருவராவது பெண்களாக, ஒருவர் பிள்ளையின் தாயாக இருக்க வேண்டும். சாப்பாட்டுக்கு முன் கை கழுவுவிக்கிறாரா, மெதுவான பிள்ளைக்குக் காத்திருக்கிறாரா, இரண்டு பேர் ஒரு பொம்மைக்கு அடிபட்டால் என்ன செய்கிறார் என்று பார்க்கட்டும். அதன்பின் இரண்டொரு கேள்வி. முன்பிருந்த இடத்தை ஏன் விட்டீர்கள்? மூன்று நாளாகப் பேசாத பிள்ளையை என்ன செய்வீர்கள்? 'ஆறு மாதமாயிற்று, இன்னும் எழுதத் தெரியாதே' என்று தாய் சண்டைக்கு வந்தால் என்ன சொல்வீர்கள்?

இந்தக் கடைசிக் கேள்வி நமக்கும் உரியது. பென்சில் பிடிக்க விரல் பலப்படாத பிள்ளையிடம் கொப்பி நிறைய எழுத்துக் கேட்பவர்கள் நாமே. மண்ணும் சிப்பியும் வாசலில் குவிந்து கிடக்கின்றன. அவற்றைக் கொண்டு விரலைப் பழக்குபவரை 'விளையாட்டுக் காட்டுகிறார்' என்று ஏசுபவர்களும் நாமே.

கிராம உத்தியோகத்தரின் நற்சான்றும் பொலிஸ் அறிக்கையும் கட்டாயம் பெற வேண்டும். முன்பு வேலை செய்த இடத்தில் ஒரு வார்த்தை விசாரிக்கவும் வேண்டும். தெரிந்த வீட்டுப் பிள்ளைதானே என்று இதை விட்டுவிடலாகாது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை 1998ஆம் ஆண்டுச் சட்டத்தால் உண்டானது. அதன் 1929 என்ற தொலைபேசி இலக்கத்தைப் பெற்றோர் கண்ணில் படும்படி முன்பள்ளிச் சுவரில் எழுதி வைப்போம். தலைவரின் உறவு, தனாதிகாரியின் உறவு என்றால் அவர்கள் அந்தக் காலையில் பாயில் அமரக்கூடாது. தலைவர் சிரிக்கிறார், சம்மதம் என்றே கொள்கிறேன்.

இனிச் சம்பளம். இதைச் சொல்லாமற் போனால் சொன்னதெல்லாம் வீண். நமது ஆசிரியைக்குச் சம்பளம் பெற்றோர் கட்டும் மாதப்பணத்திலிருந்து வருகிறது. சோளகக் காலத்தில் கடல் கொந்தளித்தால் தோணி இறங்காது. தோணி இறங்காவிட்டால் பணம் வராது. அந்த மாதங்களில் ஆசிரியை வெறுங்கையோடு வீடு போகிறார். கடலுக்குப் போகாத மாதத்திலும் அவருக்குப் பசிக்கும் அல்லவா? மீன்பாடு நல்ல மாதங்களில் ஒவ்வொரு வீட்டிலும் சிறிது கூடுதலாகச் சேர்த்து, சங்கத்தின் பெயரில் வேறு கணக்கில் இடுவோம். பன்னிரண்டு மாதமும் ஒரே திகதியில் சம்பளம் கொடுப்போம். நியமனக் கடிதத்தில் அதை எழுதியே கொடுப்போம்.

அன்று சிப்பி அடுக்கிய அப்பெண்ணைப்பற்றிப் பிறகு விசாரித்தேன். வேறு ஊரில் ஒரு தையற் கடையில் இருப்பதாகச் சொன்னார்கள். இம்முறை அவருக்கும் ஒரு விண்ணப்பப் படிவம் அனுப்பியிருக்கிறேன். வருவாரோ தெரியாது. பொதுக்கூட்டம் இன்னும் அரைமணியில் தொடங்குகிறது. தனாதிகாரி கணக்குப் புத்தகத்தோடு அமர்ந்திருக்கிறார். சம்பளக் கணக்கு இரண்டாவது பொருளாக இருக்கிறது.