தேய்த்தது திரும்பாது
(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



முதலாண்டு ஃபிட்டிங் ஷாப்பை யாராவது மறந்திருப்போமா? உள்ளங்கையெல்லாம் கொப்புளம். நாம் அராவிய இரும்புத் துண்டில் ட்ரை ஸ்கொயரை வைத்து, இன்ஸ்ட்ரக்டர் ஐயா ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடிப்பார். "வெளிச்சம் தெரியுது தம்பி, மறுபடி போடு" என்பார். "மெஷின் இருக்கிற காலத்துல இது எதுக்குடா?" என்று முணுமுணுத்தவர்களில் நானும் ஒருவன்.

பதில் எனக்கு அமெரிக்காவில் கிடைத்தது. வர்ஜீனியா மாநிலத்து வில்லியம்ஸ்பர்க்கில், 18-ஆம் நூற்றாண்டு முறைப்படி துப்பாக்கி செய்யும் பட்டறை இருக்கிறது. வேலை விஷயமாகப் போனவன் அதையும் பார்த்தேன். குழலின் நுனியில் 'சைட்' எனும் குறிமுனையைப் பொருத்தும் கைவேலையைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

குழலின் மேல் குறுக்காக ரம்பத்தால் கீறி, உளியால் செதுக்கி, தட்டை அரத்தால் அடியைச் சமப்படுத்துகிறார்கள். பிறகு முக்கோண அரத்தால் இரு ஓரங்களையும் உள்பக்கமாகச் சரிக்கிறார்கள். நாம் படித்த அதே டவ்டெயில்தான்! அரத்தின் ஒரு முகத்தில் பல்லே இருக்காது. சாணை பிடித்து வழவழப்பாக்கியிருப்பார்கள். அடியைத் தின்றுவிட்டால் குழலின் சுவர் மெலிந்துவிடுமே! கடைசியில் சைட்டைப் பக்கவாட்டில் நுழைத்து, பித்தளைத் துண்டு வைத்துத் தட்டி இறுக்குகிறார்கள்.

சைட்டை முதலில் உயரமாகவே விடுவார்களாம். சுட்டால் குண்டு இலக்குக்குக் கீழே படும். சைட்டின் தலையைக் கொஞ்சம் அராவினால் சற்று மேலேறும். சுட்டுப் பார், அராவு, மறுபடி சுட்டுப் பார். ஒரு இழுப்பு அதிகமாப் போச்சுன்னா, போனதுதான்.

அங்கே எனக்கு வயிற்றைப் பிசைந்தது. வேலையில் சேர்ந்த இரண்டாம் வருஷம், ஒயிட் மெட்டல் பேரிங் ஒன்றை ஸ்கிரேப் செய்யும் வேலை. "சார், ப்ளூ தடவிப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமா எடுப்போம்" என்றார் வயதான ஃபிட்டர். "நேரமில்லை, எடுங்க" என்று விரட்டினேன். பேரிங் லூஸாகி, மெஷின் இரண்டு நாள் நின்றது. விசாரணையில் நான் வாய் திறக்கவில்லை. மெமோ அவருக்குப் போனது.

ஊர் திரும்பியதும் அவர் வீட்டைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். "அதை விடுங்க தம்பி, காபி சாப்பிடுங்க" என்றார். ரிட்டயர் ஆகி வருஷங்கள் ஆகிவிட்டன. அந்த மெமோ அவர் ஃபைலில் அப்படியேதான் இருந்தது.

முன்வரிசையில் இருக்கும் ஐயா, நீங்க காட்டின வெளிச்சம் எனக்கு ரொம்ப லேட்டாத்தான் தெரிஞ்சது. இளைய தம்பி தங்கைகளே, நீங்களாவது சீக்கிரம் பாருங்கள்.