அத்தை மறைச்ச எட்டு மாசம்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



நான் பத்தாவது வரைதான் படிச்சிருக்கேன். கடன், சேமிப்பு பற்றிப் பேச இங்கே நிறையப் பேர் இருக்காங்க. நான் எங்க வீட்டில் நடந்ததைச் சொல்ல வந்திருக்கேன். எங்க அத்தையிடம், அதாவது என் மாமியாரிடம், கேட்டுட்டுதான் பேசுறேன். "சொல்லும்மா, நாலு பேருக்கு உதவட்டும்"னு அனுப்பி வச்சாங்க.

மூணு வருஷத்துக்கு முன்னாடி அத்தைக்கு 56 வயசு. மாதவிலக்கு நின்னு எட்டு வருஷம் ஆகியிருந்தது. மலத்தோடு இரத்தம் போயிருக்கு. மூலம், உடம்புச் சூடுன்னு நினைச்சு துத்தி இலையை வதக்கிச் சாப்பிட்டிருக்காங்க. எட்டு மாசம் எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலை. களை எடுக்கப் போன இடத்தில் மயங்கி விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். உடம்பில் இரத்தம் 7 தான் இருந்தது. குழாய் விட்டுப் பார்த்தாங்க. பெருங்குடலில் புற்றுநோய்.

"ஏன் அத்தை சொல்லலை?"ன்னு கேட்டேன். "மருமககிட்ட அதைப் போய் எப்படிம்மா சொல்றது?"ன்னாங்க.

அன்றைக்குக் கையில் காசில்லை. எங்க குழு அவசரமாகக் கூடி ரூ.10,000 உள்கடன் கொடுத்தது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் ஆபரேஷன் நடந்தது. அத்தை பிழைச்சாங்க.

மார்பு, கர்ப்பப்பையில் புற்றுநோய் வரும்னு கேள்விப்பட்டிருக்கோம், குடலில் ஏன்னு டாக்டரம்மாவிடம் கேட்டேன். அவங்க சொன்னது எனக்குப் புதுசா இருந்தது. ஈஸ்ட்ரோஜன்னு பெண்களுக்கான ஹார்மோன் இருக்கு. அது சாவின்னா, அது போய்ச் சேருகிற ஏற்பி பூட்டு மாதிரி. அந்தப் பூட்டு கர்ப்பப்பையில் மட்டும் இல்லை, பெருங்குடலிலும் இருக்கு. அதில் ஆல்ஃபா, பீட்டான்னு இரண்டு வகை. பீட்டா வகையை 1996-ல் சுவீடன் நாட்டு விஞ்ஞானிகள் கண்டுபிடிச்சாங்க. ஆரோக்கியமான குடலில் பீட்டாதான் அதிகம். செல்கள் கண்டபடி வளராம அது கட்டுப்படுத்துதுன்னு சொல்றாங்க. புற்றுநோய் வந்த குடலில் அது குறைஞ்சு போகுது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இந்த நோய் கொஞ்சம் குறைவா வருவதற்கு ஹார்மோனும் ஒரு காரணமா இருக்கலாமாம். மாதவிலக்கு நின்ன பிறகு அந்த ஹார்மோன் ரொம்பக் குறைஞ்சிடுது.

"அப்போ ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டா நோய் வராதா?"ன்னு உடனே கேட்டேன். கூடாதுன்னாங்க. அமெரிக்காவில் மாதவிலக்கு நின்ன 16,000-க்கும் மேற்பட்ட பெண்களை வச்சு ஒரு ஆய்வு நடந்தது. 2002-ல் அதன் முடிவு வந்தது. இரண்டு ஹார்மோன் சேர்ந்த மாத்திரை சாப்பிட்டவங்களுக்குக் குடல் புற்றுநோய் குறைவாத்தான் வந்தது. ஆனா மார்புப் புற்றுநோயும், பக்கவாதமும், இரத்தம் உறைவதும் அதிகமாச்சு. அதனால இந்த நோயைத் தடுக்கன்னு அந்த மாத்திரையைக் கொடுப்பதில்லை. யாரும் கடையில் வாங்கிச் சாப்பிட்டுடாதீங்க.

நமக்கு இருக்கிற முக்கியமான வழி சீக்கிரம் கண்டுபிடிக்கிறதுதான். மலத்தில் இரத்தம், மூணு வாரத்துக்கு மேல் மலம் போகிற பழக்கத்தில் மாற்றம், காரணமில்லாம இரத்தசோகை, எடை குறைவது, இதில் எது இருந்தாலும் டாக்டரிடம் போங்க. மலத்தில் இரத்தம் போனா பெரும்பாலும் அது மூலமாத்தான் இருக்கும். ஆனா அதைப் பரிசோதனை பண்ணிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். பெற்றவங்களுக்கோ கூடப் பிறந்தவங்களுக்கோ இந்த நோய் இருந்தா, 40 வயசிலேயே பரிசோதனை பண்ணணுமாம். என் வீட்டுக்காரருக்கு வர்ற வருஷம் 40. இப்பவே சொல்லி வச்சிருக்கேன்.

அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954-ல் தொடங்கியது. அதைத் தொடங்கிய டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி அம்மாவின் தங்கையும் மலக்குடல் புற்றுநோயில்தான் இறந்தாங்க. அவ்வளவு பெரிய டாக்டர் வீட்டிலும் இது வந்திருக்கு. இதில் வெட்கப்பட என்ன இருக்கு?

சேமிப்பு நோட்டில் ஒரு ரூபாய் விட்டுப் போனாலும் கேட்கிறோம். உடம்பைப் பற்றி யாரும் கேட்பதில்லை. எங்க குழுவில் இப்போ கூட்டம் முடிஞ்சதும் "யாருக்காவது உடம்புக்கு ஏதாவது இருக்கா?"ன்னு ஒரு கேள்வி கேட்கிறோம். மூணு பேர் வாய் திறந்து சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்தாங்க. மூணு பேருக்கும் மூலம்தான், பயமில்லை. உங்க குழுவிலும் கேளுங்கன்னு கேட்டு முடிக்கிறேன்.