கணினிக்கும் துணை வேண்டும்

வெளி மாநிலங்களில் வாழும் தமிழன்பர்களே,

பெங்களூரில் அல்சூர் ஏரிக்கு அண்மையில் ஜோகுபாளையம் என்றொரு பகுதி உண்டு. அங்குள்ள சிறு வீடொன்றில் நாம் பல ஆண்டுகளாக வசித்து வருகிறோம். நம் தொழில் மத்திய அரசின் மொழிபெயர்ப்புப் பணி. கல்லூரியில் கற்றதோ கலைப்பாடம். கணினி நூலில் நாம் வல்லுநர் அல்லோம். எனினும் சென்ற ஆண்டின் இறுதியில் கணினியோடு நாம் பட்ட பாடு ஒன்றும், அதனால் அடைந்த தெளிவும், வீட்டில் ஒரு பழைய கணினியை வைத்துக்கொண்டு திகைக்கும் நேயர்களுக்குப் பயன்படலாம் என்று எண்ணியே இன்று பேச முன்வந்தோம்.

விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்திற்கு அளித்துவந்த பொதுவான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு நிறுத்திக்கொண்டது. நம் வீட்டுக் கணினியோ அடுத்த பதிப்பை ஏற்கும் தகுதி பெற்றதன்று. நல்ல நிலையிலிருந்த பொருளைப் பழைய சாமான் கடைக்கு அனுப்ப மனம் ஒப்பவில்லை. ஆகவே அதில் லினக்ஸை நிறுவினோம். பின்லாந்து நாட்டு மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிவைத்து, உலகெங்குமுள்ள பல்லாயிரவர் கைகளால் வளர்ந்தது லினக்ஸ். அதைச் சார்ந்து 1993இல் இயன் மர்டாக் தொடங்கிய டெபியன் என்னும் தொகுப்பே நாம் தேர்ந்துகொண்டது. நம் நாட்டில் சி-டாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவு உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியனை அடியொற்றியதே.

நிறுவும் வேலை எளிதாகவே முடிந்தது. இடர்ப்பாடு பிறகு வந்தது.

நம் தந்தையார் பிழைப்புத் தேடிப் பெங்களூருக்கு வந்த காலத்தில், ஊரிலிருந்த அன்னையாருக்கு எழுதிய உள்நாட்டு அஞ்சல் தாள்கள் நாற்பதுக்கு மேல் நம்மிடம் உள்ளன. மடிப்புக் கோடுகளில் தாள் இற்று வருகிறது. மையும் மங்கிவிட்டது. அன்னையாருக்கோ இப்போது பார்வை குன்றியுள்ளது. "அவற்றைப் பெரிய எழுத்தாக்கித் திரையில் காட்டமாட்டாயா?" என்று அவர் பலமுறை கேட்டுவிட்டார். நம் வீட்டில் வருடி ஒன்று உண்டு. ஸ்கேனர் என்று எல்லோரும் சொல்வது. அது கணினியைவிட வயதில் மூத்தது. அதைச் செய்த நிறுவனம் லினக்ஸுக்கென அளித்திருந்த செயலியை இறக்கி, கூறியபடி நிறுவி, இயக்கினோம். திரையில் ஒரே ஒரு வரி தோன்றியது. அதைத் தமிழில் பெயர்த்தால் இவ்வாறு அமையும்: "பகிர்நிரலகங்களை ஏற்றுகையில் பிழை: லிப்யுஎஸ்பி-0.1.எஸ்ஓ.4: கோப்பைத் திறக்க இயலவில்லை, அத்தகைய கோப்போ அடைவோ இல்லை."

நிரலகம் என்றால் என்ன? ஆங்கிலத்தில் இதனை லைப்ரரி என்கின்றனர். நூலகம் என்று நேராகப் பெயர்த்துவிட்டால் கருத்துத் திரிந்துவிடும்; ஏனெனில் இங்கே வந்து படிப்போர் மனிதர் அல்லர், நிரல்களே. பழைய பெங்களூரில் ஒரே முற்றத்தைச் சுற்றி வரிசையாக அமைந்த ஒண்டுக்குடித்தன வீடுகள் இருந்தன. அங்கே குழாய் ஒன்று, ஆட்டுக்கல் ஒன்று. எல்லாக் குடும்பத்திற்கும் பொது. வீட்டுக்கு வீடு ஆட்டுக்கல் போட இடமேது? நிரலகமும் அவ்வாறே. எழுத்தைத் திரையில் வரைதல், படத்தைச் சுருக்குதல், வருடியோடு பேசுதல் முதலிய பொதுவேலைகளை ஒவ்வொரு செயலியும் தனித்தனியே எழுதிக்கொள்வதில்லை. அவ்வேலையைச் செய்யும் நிரல் ஓரிடத்தில் இருக்கும்; வேண்டிய செயலிகள் அதை அழைத்துக்கொள்ளும். ஒரு செயலி இவ்வாறு பிறிதொன்றை நம்பி நிற்பதே சார்பு எனப்படும்.

இதனால் வட்டிலும் நினைவகத்திலும் இடம் மிச்சமாகிறது. அதனினும் பெரிய நன்மை ஒன்றுண்டு. 2014 ஏப்ரலில் ஓபன்எஸ்எஸ்எல் என்னும் நிரலகத்தில் ஹார்ட்பிளீட் என்று பெயர் பெற்ற கொடிய ஓட்டையொன்று வெளிப்பட்டது. இணையத் தொடர்பைக் காக்க அந்நிரலகத்தையே எண்ணற்ற செயலிகள் நம்பியிருந்தன. பொது நிரலகத்தைத் திருத்தி, செயலிகளை மீண்டும் தொடக்கியதும், அதனைப் பகிர்ந்த அனைத்தும் ஒருங்கே திருத்தம் பெற்றன. ஒவ்வொன்றும் தனக்கெனத் தனிப்படி வைத்திருந்தால் ஒவ்வொன்றையும் தேடித் திருத்த வேண்டியிருந்திருக்கும்.

பொதுப்பொருளுக்கே உரிய தொல்லையும் உண்டு. முற்றத்து ஆட்டுக்கல்லை மாற்றிப் புதிய கல்லைப் போட்டால், பழைய குழவி அதன் குழியில் பொருந்தாது. நிரலகத்தின் பெயரில் உள்ள எண்கள் இந்தப் பொருத்தத்தையே குறிக்கின்றன. லிப் என்னும் முன்னொட்டு அது நிரலகம் என்பதைக் காட்டும். எஸ்ஓ என்பது பகிர்ந்துகொள்ளத்தக்கது என்பதன் அடையாளம். இறுதியிலுள்ள எண் எந்தக் குழவிக்கு ஏற்ற கல் என்பதைச் சொல்லும். எண் மாறினால் கல் வேறு என்று கொள்க.

இதனை அறியாமல் நாம் ஒரு பிழை செய்தோம். நம் கணினியில் லிப்யுஎஸ்பி-1.0 என்னும் புதிய நிரலகம் இருந்தது. "பெயர்தானே வேண்டும்? புதியதற்குப் பழைய பெயரில் ஓர் இணைப்புக் கொடுத்துவிடுங்கள்" என்று நண்பர் ஒருவர் கூறினார். நாமும் அவ்வாறே செய்தோம். முதற்பிழை மறைந்து, வேறொரு பிழை முளைத்தது. கோப்பு கிடைத்ததாம், ஆனால் அதனுள் செயலி தேடிய யுஎஸ்பி-இனிட் என்னும் குறியீடு இல்லையாம். எங்ஙனம் இருக்கும்? பழைய நிரலகமும் புதியதும் ஒரே வேலையைச் செய்வன எனினும், உள்ளே அழைக்கும் பெயர்கள் முற்றிலும் வேறு. பெயர்ப்பலகையை மாற்றியதால் உள்ளிருப்பவர் மாறிவிடுவாரோ? இரண்டு இரவுகள் இதில் வீணாயின. இவ்வகைப் பொய்ப்பெயர் சில வேளைகளில் ஓரளவு இயங்கிப் பின்னர் எதிர்பாராத இடத்தில் முறிவதும் உண்டு. அது இன்னும் தீது.

மூன்றாம் நாள் அண்டை வீட்டுக் கல்லூரி மாணவர் வந்தார். திரையைப் பார்த்ததும், "ஐயா, முதலில் அந்தப் பொய் இணைப்பை அழித்துவிடுங்கள். வழக்கமான பாதையிலேயே போவோம்" என்றார். அவர் காட்டிய வழியை வரிசையாகக் கூறுகிறோம்.

முதலாவது, பிழைச் செய்தியை முழுதும் படித்தல். அச்சத்தில் நாம் மூடிவிடுகின்ற அந்த வரியில்தான் காணாமற்போன பொருளின் சரியான பெயர் இருக்கிறது. அதை எழுத்தெண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, குறை ஒன்றா பலவா என்று அறிதல். முனையத்தில் எல், டி, டி என்னும் மூன்றெழுத்தையும் அதன்பின் செயலியின் இருப்பிடத்தையும் இட்டால், அச்செயலி நம்பியிருக்கும் நிரலகங்கள் யாவும் வரிசையாகத் தோன்றும். இல்லாதவற்றின் எதிரே 'காணப்படவில்லை' என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொற்கள் இருக்கும். நம் பட்டியலில் அவ்வாறு இருந்தது ஒன்றே. நம்பத்தகாத செயலியின்மீது இக்கட்டளையை ஏவலாகாது. சோதிக்கும்போதே அது இயங்கிவிடக்கூடும்.

மூன்றாவது, அந்தக் கோப்பு எந்தப் பொதியில் உள்ளது என்று தேடுதல். டெபியனில் மென்பொருள்கள் பொதிகளாகக் கட்டப்பட்டு, களஞ்சியத்தில் வைக்கப்பட்டிருக்கின்றன. கோப்பின் பெயரும் பொதியின் பெயரும் எப்போதும் ஒன்றாக இரா. ஏபிடி-ஃபைல் என்னும் கருவியை நிறுவி, அதன் பட்டியலைப் புதுப்பித்துக் கேட்டால், இன்ன கோப்பு இன்ன பொதியில் என்று விடை தரும். நாம் தேடிய கோப்பு லிப்யுஎஸ்பி-0.1-4 என்னும் பொதியில் இருந்தது.

நான்காவது, அதைக் களஞ்சியத்தின் வழியாகவே நிறுவுதல். ஏபிடி என்னும் கருவி 1999 முதல் டெபியனில் இப்பணியைச் செய்து வருகிறது. ஒரு பொதியைக் கேட்டால், அதற்குத் துணையானதையும், அத்துணைக்குத் துணையானதையும் தானே தேடிக் கொணர்வது அதன் சிறப்பு. முதலில் 'அப்டேட்' என்னும் கட்டளையால் பட்டியலைப் புதுப்பித்து, பிறகு 'இன்ஸ்டால்' என்னும் கட்டளையோடு பொதியின் பெயரைச் சேர்த்து இட்டோம். சில நொடிகளில் வேலை முடிந்தது.

நேயர்களில் சிலர் பொதியையே நேராக இறக்கி, டிபிகேஜி என்னும் கருவியால் நிறுவ முயன்றிருக்கக்கூடும். அக்கருவி துணைகள் இல்லை என்று சொல்லுமேயன்றி, அவற்றைக் கொண்டுவந்து தராது. பொதி பாதி நிறுவிய நிலையில் நின்றுவிடும். அப்போது ஏபிடியிடம் 'ஃபிக்ஸ்-புரோக்கன்' என்னும் ஆணையைக் கொடுத்தால், இயன்றவரை குறைகளை நிரப்பித் தரும். நிரப்ப இயலாவிடில் அப்பொதியையே அகற்ற முன்வரும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. ஏபிடி எதையேனும் அகற்றப்போவதாகச் சொன்னால் அப்பட்டியலைப் படிக்காமல் இசைவு தரலாகாது. 2021இல் கனடாவின் புகழ்பெற்ற கணினி விமரிசகர் லினஸ் செபாஸ்டியன், பாப் ஓஎஸ் என்னும் லினக்ஸில் ஸ்டீம் என்ற விளையாட்டுச் செயலியை நிறுவ முயன்றார். அவ்வேளை அப்பொதியின் சார்புகளில் ஒரு கோளாறு இருந்தது. முக்கியமான பொதிகள் அகற்றப்படும் என்று கருவி எச்சரித்து, "ஆம், நான் சொல்கிறபடி செய்" என்னும் வாசகத்தை முழுதும் எழுதினாலன்றித் தொடராது என்றும் கூறியது. அவர் எழுதினார்; திரையின் முகப்பே போய்விட்டது. பல்லாயிரவர் கண்ட காட்சி அது. கருவியின் பேச்சுக்குச் செவிசாய்ப்பது எத்துணை இன்றியமையாதது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

பொதியை நிறுவிய பின்னும் குறை நீங்காவிடில் இரண்டு காரணங்களை ஆராயலாம். செயலி பழைய 32 பிட் வகையாகவும், நிரலகம் 64 பிட் வகையாகவும் இருக்கலாம். அவ்வாறாயின் 32 பிட் நிரலகத்தைத் தனியே நிறுவ வேண்டும். அன்றி, நிரலகம் வட்டில் இருந்தும் கணினியின் குறிப்பேட்டில் பதியாமல் இருக்கலாம். எல்டிகான்ஃபிக் என்னும் கட்டளை அதனைப் பதித்துவிடும்.

களஞ்சியத்தில் இல்லாத பழைய நிரலகத்தை அறிமுகமற்ற தளங்களிலிருந்து எடுத்துப் போடுதல் நன்றன்று. ஓபன்எஸ்எஸ்எல் 1.1.1 பதிப்பின் பொதுவான பராமரிப்பு 2023 செப்டம்பரில் முடிந்துவிட்டது. அதைக் கேட்கும் பழைய செயலிக்காகப் பராமரிப்பற்ற படியை வீட்டில் புகுத்துவது, பூட்டில்லாக் கதவைப் பொருத்துவதற்கு ஒப்பாகும். அச்செயலியின் புதிய பதிப்பைத் தேடுதலே முறை. ஃபிளாட்பேக், ஸ்னாப், ஆப்இமேஜ் என்னும் வடிவங்களில் கிடைக்கும் செயலிகள் வேண்டிய துணைகளில் பெரும்பாலானவற்றைக் கட்டுச்சோறுபோல் உடன்கொண்டு வருவன. அவை எளியவை, ஆனால் இடம் மிகுதியாகக் கொள்ளும். உள்ளிருக்கும் துணைகளை உரிய காலத்தில் புதுப்பிப்பவர் உண்டா என்றும் பார்க்க வேண்டும்.

வேற்றூரில் குடியேறிய நமக்கு இச்செய்தி புதிதன்று. சமையல் எரிவாயுவுக்கு முகவரிச் சான்று வேண்டும். முகவரிச் சான்றுக்கு வாடகை ஒப்பந்தம் வேண்டும். ஒப்பந்தத்திற்கு வீட்டுக்காரரின் நம்பிக்கை வேண்டும். அந்நம்பிக்கைக்கு நம்மை அறிந்தவர் ஒருவரேனும் வேண்டும். இச்சங்கிலியில் ஒரு கண்ணி இல்லையேல், இல்லாதது எது என்று நிதானமாகக் கண்டு, அதை நேர்வழியில் அடைந்தே நாம் ஒவ்வொருவரும் வேரூன்றினோம். பொய்ச்சான்றால் நிலைத்தவர் இலர்.

அன்றிரவே வருடி இயங்கியது. முதல் மடலைத் திரையில் விரித்து, எழுத்தை விரலளவு பெரிதாக்கினோம். அன்னையார் அருகே அமர்ந்து, தந்தையார் கையெழுத்தைத் தாமே வாய்விட்டுப் படித்தார். இடையில் ஒரு சொல் நமக்கு விளங்கவில்லை. அவர் தயங்காமல் சொல்லிவிட்டார். அது அவர்கள் ஊர் ஓடையின் பெயர். இப்போது நாளொன்றுக்கு ஒரு மடலாகப் படித்து வருகிறோம். இன்னும் பதினேழு மடல்கள் எஞ்சியிருக்கின்றன.

நேயர்கள் வீட்டுப் பெட்டிகளிலும் இத்தகைய தாள்கள் இருக்கக்கூடும். மை மங்குமுன் எடுத்து வையுங்கள். கணினி ஏதேனும் ஒரு துணை இல்லையென்று முரண்டினால், அது கேட்கும் பெயரை முதலில் கவனமாகப் படியுங்கள்.